டச்பார், மேலிருந்து

அலை வந்து நாற்பத்தோராம் நாள்
டெல்பீன் அன்றாடோ என் ஸ்டூடியோவுக்கு வந்தார்.
கையில் ஷொப்பிங் பை.
பைக்குள் துவாய், துவாய்க்குள் அல்பம்.
தாழம்புதரில் கிடந்ததாம்.
வீடு கிடைக்கவில்லை.

"முகத்த மட்டும் கொண்டு வரேலுமா, தம்பி?"

எவார்ட் மாமா. தாயின் கடைசித் தம்பி.
புளியந்தீவு இரும்புப் பட்டறைக்காரரின் மகன்,
வெள்ளைக்காரனின் சண்டை விமானம் ஓட்டியவன்.
பர்மாப் பக்கம் போய்
ஒரு தந்தியாகத் திரும்பியவன்.

ஒட்டிக்கிடந்த தாள்களை மெல்லப் பிரித்தேன்.
மணல் உதிர்ந்து ஸ்கேனருக்குள்ளும் போனது.
கல்லடிப் பாலத்தில் சைக்கிளோடு நிற்கிறான்.
சைக்கிள் மணிகூடத் தெளிவு,
கழுத்துக்கு மேலே பாசி நிறத்தில் ஒரு மேகம்.
இறக்கைமேல் ஒரு காலைத் தூக்கி வைத்திருக்கிறான்.
சப்பாத்து மின்னுகிறது,
நாடா ஒன்று அவிழ்ந்திருக்கிறது,
கட்ட யாராவது சொல்லியிருக்கலாம்.
முகம் உப்பில் உரிந்து போயிருக்கிறது.

என்னிடம் வேறு முகங்கள் இருந்தன.
அந்த மாதம் முழுக்க அதுதான் வேலை.
அண்ணனின் நெற்றியைத் தம்பிக்கு,
தாயின் தாடையை மகளுக்கு
வெட்டி, ஒட்டி,
மாலை போடும் அளவுக்குப் பெரிதாக்கி.
"உங்கட சாயல் இருந்திருக்குமா?" என்று கேட்டேன்.
"வேணாம்" என்றார்.
"வேற ஆக்கள்ற முகத்தோட
அவர் எனக்கு என்னத்துக்கு?"

மறுகா கதை சொன்னார்.
ஒரு ஞாயிறு, பூசை முடிந்த நேரம்,
சீனக்குடாவிலிருந்து வந்தானாம்,
வாவிக்கு மேலால், தென்னை வட்டு உரச.
சத்தம் கேட்டதும்
டச்பார் முழுக்க வெளியே ஓடி வந்ததாம்.
வயலினோடு ஒருவர், சவர நுரையோடு ஒருவர்,
குசினியிலிருந்து அகப்பையோடு அம்மா.
விமானம் இந்தப் பக்கம் சரிந்து, அந்தப் பக்கம் சரிந்து
சலாம் வைத்துப் போனதாம்.
"நான் துவாய வீசினன்.
ஆருக்கும் பயமில்ல தம்பி,
அது எங்கட ஆள்."

வெளியே ஓடி வந்ததாம்.

அந்தச் சொல்லில் என் மௌஸ் நின்றுவிட்டது.
நான் அறிந்த சத்தத்துக்கு
ஒரே திசைதான் இருந்தது, கீழே.
பன்னிரண்டு வயதில், வயல்வெளி மதகொன்றுக்குள்,
இடுப்பளவு தண்ணீரில்
அம்மா என் வாயைப் பொத்திப் பிடித்திருந்தாள்,
விமானத்துக்குக் காது இருப்பதுபோல.
அதை ஓட்டியவனுக்கும்
எங்கோ ஓர் அக்கா மகள் இருப்பாள்.
இறக்கைமேல் கால் வைத்த படமும் இருக்கும்.
கடல் எட்டாத ஊரென்றால்
முகத்தோடு.

இதை டெல்பீனிடம் சொல்லவில்லை.
பொடியனை அனுப்பித் தேத்தண்ணி எடுப்பித்தேன்.
சீனி போதாது என்றார்.

அல்பத்தின் கடைசித் தாளில் ஒன்று, முழுதாக.
மேலிருந்து எடுத்தது. மாமாவே எடுத்ததாம்.
வாவி, முகத்துவாரம், மணல் நாக்கு,
நெருக்கமாய்க் கூரைகள்,
கலங்கரை விளக்கும் அதைவிட நீளமாய் அதன் நிழலும்.
மணலில் புள்ளிகள்,
இருபது இருக்கும், முப்பது இருக்கும்.
பெரிதாக்கினேன். இன்னும் பெரிதாக்கினேன்.
கட்டம் கட்டமாய் உடைந்தனவே தவிர
ஒரு கை தெரியவில்லை.
அந்த உயரத்தில்
கையசைக்கிறவரும் ஓடுகிறவரும்
ஒரே அளவு.

"இந்தா, இதுதான் நான்."
நகத்தால் திரையைத் தொட்டார்.
எப்படித் தெரியும் என்று கேட்கவில்லை.
"இதச் சுத்திச் சிவப்பில ஒரு வட்டம் போடுங்க."

வட்டம் போடும் கருவியை எடுத்தேன்.
மேலிருந்து பார்த்து
ஓர் ஆளைச் சுற்றி ஒரு வட்டம்.
கை போகவில்லை.

புள்ளியிலிருந்து வெள்ளை ஓரம்வரை
மெல்லிய கோடு ஒன்று இழுத்து
டெல்பீன் என்று எழுதினேன்.

"நாலு வயசு எண்டும் போடுங்க" என்றார்.

போட்டேன்.