ஏழரை

பீல் நகரில் ஏரி தெரியாத நாள்.
மூடுபனி தொழிற்சாலைக் கண்ணாடிவரை வந்து
உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு நின்றது.
இரண்டு மணிக்கு ஷிப்ட் முடிய
ஷுயுன் என் கையைப் பிடித்தாள்:
இன்றைக்குத்தான் மிக நீண்ட இரவு,
தனியே சாப்பிடக் கூடாது.

நாங்கள் பேசுவது
பாதி ஜெர்மன், பாதி பிரெஞ்சு,
மீதி சாமணம்.

மாட்ரெட்ச்சில், பேக்கரிக்கு மேலே மூன்றாம் மாடி.
பசையரிசி மாவில் இளஞ்சூட்டுத் தண்ணீர் விட்டு
காதுமடல் பதத்துக்குப் பிசைந்தாள்,
தன் காதைத் தொட்டுக் காட்டி.
நான் என் காதைத் தொட்டேன். தோடு தடுத்தது.

உள்ளே வைக்கக் கறுப்பெள், சீனி.
அவளுடைய நிங்போவில்
பன்றிக் கொழுப்பில்தான் குழைப்பார்களாம்.
வெள்ளிக்கிழமை நான் மச்சம் தொடுவதில்லை என்று
எப்போதோ சொன்னது நினைவிருந்திருக்கிறது.
வெண்ணெய் எடுத்தாள்.

கொழுக்கட்டை என்று சொல்லிவிடாதீர்கள்.
நானும் சொல்லத்தான் வாய் திறந்தேன்.
கொழுக்கட்டை ஆவியில் உட்கார்ந்து வேகும்.
இது மூழ்கும்,
அடியில் கிடந்து யோசிக்கும்,
வெந்தால் தானே மேலே வரும்.

ஆளுக்கு நாலு போடு என்றேன்.
உதட்டில் விரல் வைத்தாள்.
அவளுடைய மொழியில் நாலுக்கும் சாவுக்கும் ஏறக்குறைய ஒரே ஓசை.
எட்டு என்றாள், செல்வம் கொட்டுமாம்.
எட்டா? எட்டாம் தேதியில்
எங்கள் வீட்டில் பஸ்கூட ஏறமாட்டோம்.
நாளுக்கு அறுநூறு முள் பொருத்தும் இரண்டு பெண்கள்
எண்ணத் தெரியாமல் அடுப்படியில் நின்றோம்.
அவள் வீடு, அவள் அடுப்பு.
எட்டும் எட்டும் பதினாறு.
பதினாறுக்கு நான் மறுப்புச் சொல்லவில்லை.

வெண்ணெய் அவசரக்காரி.
ஒன்று வெடித்தது.
சட்டென்று இல்லை. ஓரத்தில் ஒரு கோடு,
பிறகு கறுப்பு, நூல் நூலாக,
பிறகு சட்டி முழுக்க.

எள்ளும் தண்ணீரும்.

அண்ணாவுக்கு இன்னும் விடவில்லை.
வட்டுவாகல் பாலத்தில் கடைசியாகக் கண்டவர் சொன்னது
நீலச் சாரம், இடது கையில் கட்டு.
அதற்குமேல் யாரிடமும் ஒரு தாள் இல்லை.
ஐயர் இரண்டு தரம் கேட்டார்.
இரண்டு தரமும் அம்மா
தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டாள்.
இங்கே ஒரு அலுமினியச் சட்டி
யாரையும் கேட்காமல் செய்து முடித்திருக்கிறது.

மன்னிப்புக் கேட்டபடி ஷுயுன்
சட்டியைத் தொட்டிக்குச் சரித்தாள்:
புதுத் தண்ணீர் வைக்கிறேன்.
ஊற்றாதே என்றேன்.
எந்த மொழியில் சொன்னேனோ, நின்றாள்.

என் கிண்ணத்தில் முழுதாய் ஏழு,
வாய் பிளந்த பாதி ஒன்று.
எண்ணினேன். சிரிப்பு வந்துவிட்டது,
கண்ணில் நீர் முட்டும் சிரிப்பு.
ஏழரை.
என்ன என்றாள்.
ஒரு கிரகம், மெதுவாக நடக்கும்,
எள் என்றால் அதற்கு உயிர்.
எவ்வளவு மெதுவாக?
நம்முடைய மேசைக்கு வந்திருந்தால்
பழுது என்று எழுதித் திருப்பி அனுப்பியிருப்போம்.

சீனிப் பேணியில் சாய்த்து வைத்த போனில்
அவளுடைய மகன். அங்கே இரவு பதினொன்று,
கமராவை அணைக்காமலே தூங்கிப்போயிருந்தான்.
உருண்டை என்றால்
எல்லாரும் சேர்ந்திருப்பது, என்றாள்,
ஒருவரும் குறையாமல்.
போனின் முன்னால் ஒரு கரண்டி வைத்தாள்.

கறுத்த தண்ணீரை நான் குடித்தேன்,
கிண்ணத்தை வாயில் கவிழ்த்து,
கடைசிச் சொட்டுவரை.
இறைத்தால்தானே அது
எள்ளும் தண்ணீரும்.

நாக்கு சுட்டது.
ஷுயுன் தன் பல்லைத் தொட்டுக் காட்டினாள்,
எள் ஒட்டியிருக்கிறதாம்.
அவளுக்கும் இருந்தது.