மூன்றாவது துளை

கீழே இடமில்லை என்று
தையல் மெஷினைப் பரணுக்கு ஏற்றிய அன்றே
குணாளன் சொல்லிவிட்டார்:
ஃப்ரிட்ஜ் பிளக்கிலிருந்து
ஒரு எக்ஸ்டென்ஷன் இழுத்தால் போதும்,
இதற்கெல்லாம் ஆள் எதற்கு.

ஆள் வந்தாள்.
நெல்லித்தோப்பிலிருந்து ஸ்கூட்டரில்,
சுடிதாருக்கு மேல் காக்கிச் சட்டை போட்ட ஃபிலோமினா.
மெயினை இறக்குமுன்
டெஸ்டரையே டெஸ்ட் செய்து பார்த்தாள்.
இறக்கியபின் ஃப்யூஸ் கட்டையைக் கழற்றிச்
சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.
"நான் மேலே இருக்கும்போது
யாராவது பாசமாகப் போட்டுவிடுவார்கள்."

பரணில்
தானே புயலன்று உடைந்த ஓடுகள்,
மூடி தொலைந்த பிரஷர் குக்கர்,
எலிப் புழுக்கை.
உத்தரத்தை ஒட்டி மரச்சட்டத்துக்குள்
துணி சுற்றிய பழைய கம்பி.
எலி பல் வைத்த இடத்தில்
செம்பு புதுக்காசுபோல் மின்னியது.
அதற்கு நேர்கீழே
ஒரு பலகை தள்ளி
நாங்கள் படுத்திருந்தோம், இத்தனை வருஷமும்.

பிறகு கீழே வந்து
இஸ்திரி போடும் பிளக்கைத் திறந்தாள்.
மூன்றாவது துளையிலிருந்து ஒரு பச்சைக் கம்பி
சுவருக்குள் போயிருந்தது.
ஒரு முழம் போய்
நின்றிருந்தது.
எதோடும் சேரவில்லை.

மழைநாளில், ஈரக்காலில்,
விரல் நுனியில் எறும்பு ஊர்வதுபோல் இருக்கும்.
உடம்புச் சூடு என்று மோர் குடிப்பேன்.
பதினெட்டு வருஷம்
எவ்வளவு மோர்!

புழக்கடையில் குழி வெட்டினார்கள்.
ஆள் மட்டத்துக்கு முன்பே தண்ணீர் கசிந்தது.
அடுப்புக்கரி கேட்டாள், கல்லுப்பு கேட்டாள்.
வைத்திக்குப்பத்துக் கடல் காதில் விழும் தூரம்;
"இந்த மண்ணுக்கா உப்பு?" என்றார் குணாளன்.
"மண் உங்களுடையது என்றால்
மழை பெய்யாத வைகாசியும் உங்களுடையதுதான் சார்."

விளக்குக்கு ஒன்றரைக் கம்பி,
பிளக்குக்கு இரண்டரை.
இரண்டுக்கும் தனித்தனி எம்சிபி,
இஸ்திரிப் பெட்டி மூச்சுமுட்டினால்
விளக்கும் சேர்ந்து சாக வேண்டாம் என்று.
கம்பி முழுக்கக் குழாய்க்குள்.
திருகாணி பித்தளை; இரும்பென்றால்
காற்றே தின்றுவிடும்.
டியூப்லைட் மரத்தைத் தொடாமல் நான்கு விரல் தள்ளி.
ஏணியடியில் ஒரு சுவிட்ச், பரணில் ஒரு சுவிட்ச்,
எதைத் தட்டினாலும் அதே விளக்கு.
இருட்டில் ஏறிப்போய்த் தடவித் தேடினால்
அது என்ன விளக்கு என்றாள்.

கசிவைக் கண்டுபிடிக்கும் அந்த ஒரு பெட்டிக்கு மட்டும்
பதினோரு ரவிக்கையின் கூலி.
குணாளன் கணக்கைத் திரும்பத் திரும்பக் கூட்டினார்.
அவள் அதில் ஒரு பொத்தானை அழுத்தினாள்.
டப்.
மின்விசிறி, ஃப்ரிட்ஜ், சீரியலில் அழுதுகொண்டிருந்த மருமகள்
எல்லாம் ஒரே நொடியில் அடங்கின.
"போச்சா?" என்றார் இருட்டிலிருந்து.
"இல்லை சார். இப்போதுதான் வந்திருக்கிறது."

இப்போது பரணில்
குனிந்த தலையோடு தைக்கிறேன், நிமிர்ந்தால் உத்தரம் இடிக்கும்.
ஆனால் கறுப்புத் துணியில் கறுப்பு நூல் தெரிகிறது.
உத்தரத்தில் எந்தத் தச்சனோ பென்சிலால் எழுதிய எண்
தெரிகிறது, ஒன்பதா ஏழா என்றுதான் புரியவில்லை.

மாதம் பிறந்தால் அந்தப் பொத்தானை அழுத்துகிறேன்.
மாதம் பிறந்தால் குணாளன் கேட்கிறார்,
"போச்சா?"

வெயில் ஏறிய நாட்களில்
கறிவேப்பிலைக்கு ஊற்றும்போது
குழிக்கும் ஒரு குடம்.
ஒன்றும் முளைக்காத இடத்தில்
எதற்குத் தண்ணீர் என்று
மாடியிலிருந்து கேட்டாள் பூங்கோதை.
சொல்ல ஆரம்பித்தால் நேரமாகும்.
ஈரக்காலைத் துடைத்துக்கொண்டு
இஸ்திரிப் பெட்டியைப் போட
மேலே போனேன்.