நாற்பது நிமிடம்

ஒப்பந்தம் பதினெட்டுப் பக்கம்.
நான் படித்தது ஒரே வரி:
குப்பை லாரி இனி ஆறு மணிக்கு அல்ல,
ஆறு நாற்பதுக்கு வர வேண்டும்.

அந்த லாரியை ஓட்டுகிறவன் நான்.

கூட்டத்துக்கு மாநகராட்சி வந்திருந்தது.
எங்கள் கம்பெனி வந்திருந்தது.
பல்கலைக்கழகத்துப் பெண் ஒருத்தி
தெருக்களைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கி வந்திருந்தாள்.
குடியிருப்புச் சங்கங்கள் சாவிக்கொத்துகளோடு.
வண்டி இழுப்பவர்களின் கூட்டுறவிலிருந்து நிடியா,
மேடைத் தராசையும் தூக்கிக்கொண்டு:
"வெளியே விட்டால் யாராவது பழைய இரும்புக்குப் போட்டுவிடுவார்கள்."

நாற்காலி போதவில்லை.
உதவி ஆணையர் தராசின் மேல் உட்கார்ந்தார்.
முள் தொண்ணூற்றொன்றில் நின்றது.
அன்று எல்லோரும் சேர்ந்து செய்த ஒரே காரியம்
அதற்குச் சிரித்தது.

அதற்கு முன் பன்னிரண்டு வருடம்
ஒன்று நான் முந்துவேன், இல்லை அவர்கள்.
சரிவில் தள்ளுவண்டி கடகடக்கும் சத்தம் கேட்டால்
கால் தானாக ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்.
எனக்குக் கூலி டன் கணக்கில்.
அட்டை நனைந்தால் எடை கூடும், ஆகவே மழை பிடிக்கும்.
நனைந்த அட்டையை எவனும் வாங்க மாட்டான், ஆகவே
நிடியா வானத்தைப் பார்த்துத் திட்டுவாள்.
ஒரே மழைதான்.

இப்போது முனையில் இஞ்சினை அணைத்துவிட்டு
காத்திருக்கிறேன்.
போகோட்டாவின் விடிகாலைக் குளிர்
கண்ணாடியில் என் மூச்சை ஒட்டவைக்கிறது.
சர்க்கரை தூக்கலாகக் கறுப்புக் காப்பி.
வெள்ளைப் பை அவர்களுக்கு, கறுப்புப் பை எனக்கு.

எல்லா வீட்டுக்கும் புரிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன்.
மூன்றாம் மாடிக்காரர் இன்றும்
கோழி எலும்பை வெள்ளையில்தான் போடுகிறார்.
ஆனால் எவெலியோவின் உள்ளங்கையில் ஒன்பது தையல் பார்த்த நாளிலிருந்து
காவலாளி எலியேசர்
உடைந்த கண்ணாடி இருக்கும் பைக்குச்
சிவப்பு ரிப்பன் கட்டுகிறார்.
பிறந்தநாள் பரிசு போல வாசலில் இருக்கிறது அது.
பதினெட்டுப் பக்கத்தில் ரிப்பன் இல்லை.

என் டன் குறைந்தது. கம்பெனியைக் கேட்டேன்.
கமிட்டியைக் கேள் என்றது.
கமிட்டி ஒரு துணைக் கமிட்டி போட்டது.
துணைக் கமிட்டி பிஸ்கட் தின்றது.
கடைசியில் எழுந்தவள் நிடியா:
"அவன் சும்மா நிற்கவில்லை, எங்களுக்காக நிற்கிறான்.
மணிக்கணக்குப் போட்டுக் கொடுங்கள்."
நான் முந்திப்போய் அள்ளிய பைகள் அவளுக்கு நினைவிருக்கும்.
அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.
நான் ஜன்னலைப் பார்த்தேன்.

போன செவ்வாய் யாரும் வரவில்லை.
மேல் பாதையில் மண் சரிந்து
வண்டிகள் அந்தப் பக்கமே நின்றுவிட்டன என்பது பிறகுதான் தெரியும்.
நாற்பது நிமிடம் போனது. இன்னும் பத்தும் போனது.
கம்பெனியிலிருந்து போன் இரண்டு தடவை.
பின்னால் தொங்கும் பையன்கள் இறங்கி
வெள்ளைப் பைகளைக் கையில் பிடித்து
என்னைப் பார்த்தார்கள்: போடவா?

அரைக்கும் வாயில் போட்டால் அரை நொடி வேலை.

பதினோரு பை.
என் பக்கத்து இருக்கையில் ஆறு, காலடியில் மூன்று,
பையன்கள் மடியில் ஆளுக்கு ஒன்று.
தயிர் டப்பா நாற்றத்தோடு நகரம் முழுக்கச் சுற்றினோம்.
கியர் மாற்றும்போதெல்லாம் யாரோ கசங்கினார்கள்.

மறுநாள் நிடியா ஒவ்வொன்றாகத் தராசில் வைத்தாள்.
ஒன்றைப் பிரித்து எலும்பை எடுத்து எறிந்து
மறுபடி வைத்தாள்.
பேரேட்டில் எவெலியோவுக்குக் கீழே
புதிதாக ஒரு வரி இழுத்தாள்.
பெயர் கேட்கவில்லை. "லாரி" என்று எழுதினாள்.
இருபத்தாறு கிலோ முன்னூறு.

காசு வெள்ளிக்கிழமை தருவதாகச் சொன்னாள்.
இன்று திங்கள்.
ஆறு நாற்பதுக்குப் போய்க் கேட்க வேண்டும்.