இடம்

ஒரு நாளைக்கு ஆறு சதுர மீற்றர்.
வேர் கூடிய இடமென்றால் அதுவும் இல்லை.
முழங்காலில் நின்று
அம்பகாமத்து மண்ணைக் கிள்ளிக் கிள்ளி எடுக்கிறேன்.
சிவப்புக் குச்சிக்கு அந்தப் பக்கம் சாவு,
வெள்ளைக் குச்சிக்கு இந்தப் பக்கம்
மத்தியானச் சாப்பாடு.

பாவமும் இப்படித்தான் போகுமென்றிருந்தேன்,
அங்குலம் அங்குலமாக.
வெள்ளிக்கிழமை விரதம்.
சம்பளத்தில் ஒரு பங்கு
செஞ்சோலைத் தெருப் பிள்ளைகளின் கொப்பிகளுக்கு.
துழாவிய இடத்தையே திரும்பத் துழாவினேன்.
கருவி ஒவ்வொரு முறையும் கத்தியது.

வலைஞர்மடம். பங்கர் வாசலில்
தவமலர், இடுப்பில் பிள்ளை.
"அக்கா, இவனை மட்டும் உள்ள எடுங்கோ."
இடமில்லை என்றேன்.

இருந்தது.
நெல்லுச் சாக்கை நகர்த்தியிருந்தால்
இருந்தது.
அந்த நெல்லைப் பிறகு நாங்கள் தின்றோம்.

பதின்மூன்று வருடம் வாய் திறக்கவில்லை.
கூட வேலை செய்யும் றெஜினாதான்
ஒரு மார்கழி மழையில் இழுத்துப் போனாள்.
மாங்குளச் சந்திக்குப் பின்னால்
தகரக் கொட்டில் சபை.
கூரையில் மழை அடிக்க
பாஸ்டர் சொன்னதில் பாதி கேட்கவில்லை.
கேட்ட பாதி இது:
ஒரு பிள்ளைத்தாய்ச்சி. இரவு. சத்திரம்.
இடமில்லையாம்.

எழும்பி வெளியே வந்து
சைக்கிள்களுக்கு நடுவில் சத்தி எடுத்தேன்.
வாசலில் திருப்பி அனுப்பப்பட்டவரிடமா
நான் இடம் கேட்பது?
நானென்றால் கொடுக்க மாட்டேன்.

அவர் கொடுத்தார்.
எப்படியென்று கேட்டால் சொல்லத் தெரியாது.
வெளிச்சம் ஒன்றும் வரவில்லை,
ஒரு செருப்பை வெள்ளம் கொண்டு போயிருந்தது.
உள்ளே வந்து இருந்தேன்.
நான் ஒன்றையும் நகர்த்தவில்லை.
சாக்கு ஏற்கெனவே நகர்ந்திருந்தது.

தவமலரிடம் கேட்க வேண்டிய மன்னிப்பை
அவர் தள்ளுபடி செய்யவில்லை.
அது என்னிடமே இருக்கிறது.
காணாமல் போனோர் பட்டியல்களில்
அவள் பெயர் இல்லாதிருக்க வேண்டுமென்று
ஒவ்வொரு தாளாகப் பார்க்கிறேன்.

நேற்று ஒரு காணி கையளித்தோம்.
நாய் மோப்பம் பிடித்து முடித்தாயிற்று,
அதிகாரி ஒப்பம் வைத்தாயிற்று.
சொந்தக்காரர் பொன்னுச்சாமி
பத்திரத்தை நெஞ்சோடு பிடித்தபடி
வேலிக்கு வெளியே நிற்கிறார்.
கால் வைக்க மாட்டேனென்கிறார்.

பூட்ஸைக் கழற்றினேன்.
வெறுங்காலோடு நடுவால் நடந்துபோய்ப்
பாலை மரத்தடியில் நின்று
திரும்பிப் பார்த்தேன்.

இன்னும் நிற்கிறார்,
ஈர மண்ணில் என் காலடிகளை
ஒன்று, இரண்டென்று எண்ணிக்கொண்டு.