வடக்கு வாசல்

நான் அந்தத் தொடரைப் பார்த்ததே இல்லை.
ஆனாலும் கார்வென் கோட்டையில்
எந்தப் படிக்கட்டு வழுக்கும் என்று தெரியும்.
ஏழு சாவிகளில் எது துருப்பிடித்தது,
அரசி இவ்ரெத் எந்தக் கையால் வாளெடுப்பாள்,
எல்லாம் அத்துப்படி.
பீட்டர்ஹெட் மீன் ஆலையில் இரவு முறைக்கு
எடை பார்க்கிறவன் நான்.
எனக்கு இரண்டடி தள்ளி நின்று
ஹாடக் மீனைப் பிளக்கிறவர்கள் அவர்கள்.

இயந்திரம் ஓடுகையில் பேச வழியில்லை.
காதுக்குள் மஞ்சள் அடைப்பான்.
அந்த வாரக் கதை பிடிக்கவில்லை என்றால்
மொராக் மீன்தலையைக்
கொஞ்சம் வேகமாக எறிவாள்.
அன்று தலைகள் தொட்டியைத் தாண்டி விழுந்தன.

மூன்றேகாலுக்கு இடைவேளை. பதினைந்து நிமிடம்.
கையுறையைக் கழற்றும் முன்பே
தொடங்கிவிட்டாள்.
"ஆறு வருஷம் அந்த வாசலைக் காத்தவள்.
சொந்தத் தம்பி வெளியே நின்று கதறினான்,
அப்போதும் திறக்கவில்லை.
உப்புப் படைக்கு எதற்குத் திறக்கிறாள்?
எழுதினவனுக்கு வீட்டுக்குப் போக அவசரம்,
அவ்வளவுதான்."

"காதல்," என்றாள் தானுட்டே.
"மூன்றாம் பருவத்தில் படைத்தலைவன் அவளிடம்
ஒரு சிப்பி கொடுத்தான்.
நீங்கள் யாரும் கவனிக்கவில்லை."
"அது சிப்பி இல்லை. பொத்தான்."
"சிப்பி."
"சட்டைப் பொத்தான்!"
இதிலேயே நான்கு நிமிடம் போயிற்று.
தேநீரில் ஆடை படிந்தது.

எல்லாம் கனவு, அடுத்த வாரம் விழித்துக்கொள்வாள்
என்றாள் ஷீனா.
அவளுக்கு யாரும் பதில் சொல்லவில்லை.
போன பருவத்திலும் இதையேதான் சொன்னாள்,
அதற்கு முந்தைய பருவத்திலும்.

ஸெண்டா அதிகம் பேசமாட்டாள்.
லாட்வியாவிலிருந்து வந்து பதினான்கு வருஷம்.
கறுப்பு ரொட்டியைத் தாளில் வைத்துவிட்டு
"அவளுக்குக் கால் வலி," என்றாள்.

யாருக்கு?

"ராணிக்கு.
ஒரு காட்சியிலாவது அவள் உட்கார்ந்து பார்த்தீர்களா?
சாப்பிடும்போதும் நிற்கிறாள்.
அரியணை இருக்கிறது, அதன் பக்கத்தில் நிற்கிறாள்.
காதலும் இல்லை, துரோகமும் இல்லை.
கதவைத் திறந்துவிட்டால் யாராவது ஒருத்தர்
'போதும், போய்ப் படு' என்று சொல்ல மாட்டார்களா?
எதிரி சொன்னால் என்ன."

குளிர்பெட்டி உறுமுகிற சத்தம்
அப்போதுதான் எனக்குக் கேட்டது.
மொராக் ஒரு பூட்ஸிலிருந்து மறு பூட்ஸுக்கு
பாரத்தை மாற்றினாள்.
"அப்படியென்றால்
அதைக் காட்டியிருக்க வேண்டும்," என்றாள்
பிடியை விடாமல்.

முடிவை மாற்றி எழுதச் சொல்லி
ஒரு தாள் வைத்திருந்தாள்.
இருபத்துமூன்று கையெழுத்து,
ஒன்றின் மேல் ஒட்டிக்கொண்ட செதில்.
ஸெண்டா பேனாவை வாங்கினாள்.
"நீதான் ராணி பக்கமாயிற்றே?"
"இது ராணிக்காக இல்லை.
குதிரையைக் கொன்றிருக்கக் கூடாது."
குதிரை விஷயத்தில் மட்டும்
மேசை முழுக்க ஒரே கட்சி.
சைரன் அடித்தது.

ஞாயிற்றுக்கிழமை மழை.
அந்தக் காட்சியை மட்டும் தேடிப் போட்டேன்.
இவர்கள் வாயால் நான் கண்ட வாசல்
வானத்தை மறைத்து நின்றது.
இதில் நம் லாரி நுழையாது.
வருகிறாள், தாழ்ப்பாளைத் தூக்குகிறாள், திறக்கிறாள்.
பதினோரு விநாடி.
மறுபடி ஓடவிட்டு எண்ணினேன். பதினொன்றேதான்.
கால்களைப் பார்க்க நினைத்தேன்.
அங்கி தரைவரை புரள்கிறது,
விரல்நுனிகூடத் தெரியவில்லை.
அப்புறம் விட்ட இடத்தில் விடாமல்
மூன்றாம் பருவத்துக்கும் போனேன்.

திங்கள் இரவு மூன்றேகால்.
"சிப்பிதான்," என்றேன்.
தானுட்டே மேசையைத் தட்டினாள்.
மொராக் என்னையே பார்த்தாள்.
"நீ பார்த்ததே இல்லையே" என்றாள்.

அது பொத்தான்.
நான்கு துளை, நூல்கூடத் தொங்குகிறது.