பதின்மூன்றரை

சசூன் டாக்கில் விடியலுக்கு முன்பே
வெளிச்சம் வந்துவிடும், மஞ்சள் பல்புகளிலிருந்து.
ஐஸ் அரைக்கும் இயந்திரம் ஓடத் தொடங்கினால்
மனிதர்கள் சைகையில்தான் பேசுவார்கள்.

என்னிடம் ஒரு பலகை.
நடுவில் எஃகு அளவுகோல்,
ஒரு முனையில் மீனின் மூக்கு முட்ட ஒரு தடுப்பு.
படகுக்கு ஐம்பது மீன் அளக்க வேண்டும்.
துறையின் தொப்பியை நான் போடுவதில்லை.
போட்டுப்போன முதல் வாரம்
எனக்குக் காலிக் கூடைகளைக் காட்டினார்கள்.

எனக்கு வாவல்,
ஏலம் கூவும் ஹன்சா தாண்டேலுக்குச் சரங்கா,
படிவத்துக்கு லத்தீன்.
பதின்மூன்றரை சென்டிமீட்டருக்குக் குறைந்தால்
பிடிக்கக் கூடாது என்கிறது காகிதம்.
முதல் மீன் பன்னிரண்டு.
இரண்டாவது பதினொன்று எட்டு.
மூன்றாவது என் உள்ளங்கையில்
விரல்களைத் தொடாமல் கிடந்தது.

நான்காவதன் வாலை ஹன்சா
இரண்டு விரலால் பிடித்து மெல்ல இழுத்தாள்,
பள்ளிக்குப் போகும் பிள்ளையின்
சட்டை நுனியை இழுத்துவிடுவதுபோல.
"இப்பப் பாரு."
பதின்மூன்று மூன்று.
இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.
இழுக்கும் முன் இருந்ததை எழுதினேன்: பதின்மூன்று.

"ஆறு வருஷமா அளக்கிறியே,
உள்ளே எத்தனை மிச்சம்?"

வெர்சோவா ஆபீசில் பெட்னேகர் சார்
ஒருமுறை படம் போட்டுக் காட்டினார்.
எங்கோ குளிர்ந்த கடலில்
ஹெர்ரிங் கரைக்கு வந்து
பாசியிலும் பாறையிலும் முட்டையிடுமாம்.
ஆண்மீன்களின் பாலில்
மைல் கணக்கில் தண்ணீர் வெளுக்குமாம்.
விமானத்தில் பறந்து அந்த வெள்ளையை அளந்து
இந்த வருஷம் எவ்வளவு பிடிக்கலாம்,
எவ்வளவு விட்டுவைக்கலாம் என்று முடிவு செய்வார்களாம்.
அப்படியும் கணக்குத் தப்பி
வெள்ளை வராமலே போன விரிகுடாக்கள் உண்டாம்.
இதைச் சொல்லும்போது
அவர் புரொஜெக்டரை அணைத்துக்கொண்டிருந்தார்.

எங்கள் கடல் மண் நிறம்.
யார் எங்கே முட்டையிட்டார்கள் என்று
மேலிருந்து பார்த்தால் தெரியாது.
எனக்கு எண்ணக் கிடைப்பவை இறந்தவை மட்டும்.
சுடுகாட்டு வாசலில் உட்கார்ந்துகொண்டு
ஊரில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று
சொல்லச் சொன்னால் எப்படி?
சார் இதைச் சமன்பாடு என்பார்.

லேபில் தலையைப் பிளந்து
காதுக்கல்லை எடுப்பேன். நொய்யரிசி அளவு.
தேய்த்து லென்ஸுக்குக் கீழே வைத்தால்
வயது வளையமாகத் தெரியும்.
நேற்றுப் பார்த்த இருபதில்
பதினேழுக்கு முதல் வளையமே முடியவில்லை.

ஹன்சாவுக்கு இதையெல்லாம் சொல்ல நேரமில்லை.
அவள் புருஷனின் படகுக்குப் பத்தொன்பது லட்சம் கடன்.
ஜூன், ஜூலையில் கடல் மூடினாலும்
வட்டி மூடுவதில்லை.
இரவில் விளக்குப் போட்டுப் பிடிக்கும் பெரிய படகுகள்
இந்த மேடைக்கு வருவதே இல்லை,
பொடிமீன் நேராகக் கோழித்தீவனத்துக்கு.
இது எதற்கும் படிவத்தில் கட்டம் கிடையாது.

"தெரியலை" என்றேன்.

அவள் கூடையில் கைவிட்டுத் துழாவி
ஒரு பெரிய மீனைப் பலகையில் போட்டாள்,
நான் பொய் சொல்லிவிட்டதைப்போல.
பதினேழு இரண்டு.
சட்டத்துக்கு உட்பட்ட மீன், குறை சொல்ல முடியாது.
வயிற்றைக் கீறினேன்.
இரண்டு பக்கமும் முட்டை,
இன்னும் சில நாளில் விட்டிருக்கும்.

ஹன்சா பார்த்தாள்.
நானும் பார்த்தேன்.
யாரோ பின்னாலிருந்து விலை கேட்டார்கள்.
அவள் புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு
தொண்டையைச் செருமி ஏலத்தைத் தொடங்கினாள்,
வழக்கத்தைவிடக் கொஞ்சம் கீழே.

எட்டு மணி லோக்கலில்
என் பக்கத்து இருக்கை எப்போதும் காலி.
மடியில் படிவத்தை வைத்துச் சரிபார்த்தேன்.
கடைசிக் கட்டம்: குறிப்புகள்.
இரண்டு விரல் அகலம்.
பைகுல்லா தாண்டும்வரை யோசித்து
எழுதினேன்:
நான்காவது மீன் இழுக்கப்பட்டது.