புதுவயலில் இருந்து நாற்பது நிமிடம்

நேற்றிலிருந்து இரை போடவில்லை.
வயிறு காலியாக இருந்தால்தான்
தொட்டித் தண்ணீர் கெடாது என்பான் அடைக்கலம்.
இரண்டு கை கல்லுப்பு, ஒரு பாளம் ஐஸ்,
மேலே ஈரச்சாக்கு.
இருட்டினால் ரோகு அடங்கிவிடும்.

கண்டனூர் வேகத்தடையில்
முதல் கியருக்கு வந்து
ஏறியது தெரியாமல் இறங்குகிறேன்.
பின்னால் வந்த பேருந்து
என் பரம்பரையையே ஹாரனில் திட்டிவிட்டுப் போகிறது.

"எட்டு மாசத்துல என்னைய ஏத்திக்கிட்டு வந்தப்ப
இப்புடி ஓட்டுனியளா?"
பக்கத்தில் காளீஸ்வரி.

ஓட்டவில்லை.

செக்காலை ரோட்டில் சாக்கை விலக்கினால்
ஒன்று மட்டும் மல்லாந்து கிடந்தது.
அவள்தான் கையை விட்டாள்.
காற்றுக் குமிழ் வரும் பக்கம்
அதன் வாயைத் திருப்பிப்
பிடித்துக்கொண்டே நின்றாள்,
தராசுக்காரன் வரும்வரை.